2009 டீசல் கார், ஊட்டிக் குளிர்: ஒரு ஹீட்டர் புராணம்

மேட்டுப்பாளையத்து நண்பர் ஒருவருக்குக் குன்னூருக்கு மாற்றல். நான் வைத்திருக்கும் அதே 2009 மாடல் டீசல் கார் ஒன்று கோவையில் விலைக்கு வந்திருக்கிறதாம். "வாங்கலாமா? உன் வண்டி எப்படி ஓடுது?" என்று போனில் கேட்டார். நாற்பது நிமிடம் பேசினேன், அத்தனையும் ஹீட்டரைப் பற்றி. இன்ஜினைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 1,84,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஒரு நாளும் நடுரோட்டில் நிறுத்தியதில்லை. கிளட்ச் ஒரு முறை மாற்றினேன், சஸ்பென்ஷன் புஷ் இரண்டு முறை. 2024-இல் 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோதும் தகராறு எதுவும் இல்லை. சரி, இனி ஹீட்டர்.

2021-இல் கோவையிலிருந்து ஊட்டிக்கு வந்தேன். வீடு காந்தல் பக்கம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை வெளியே வந்தால் புல் எல்லாம் சுண்ணாம்பு தெளித்தது மாதிரி வெளுத்துக் கிடக்கும். வண்டிக் கண்ணாடியில் பனி ஒட்டிக்கொண்டு, வைப்பர் பிளேடு அசையாது. இந்தக் குளிரில் ஹீட்டர் திருகைச் சிவப்புக் கோட்டின் கடைசி வரை திருப்பி, புளோயரை நான்கில் வைத்தால் என்ன வரும்? குழந்தை வாயால் ஊதினால் வரும் சூடு. கைக்கே போதாது, கண்ணாடிக்கு எப்படிப் போதும்? வண்டிக்குள் இரண்டு பேர் மூச்சு விட்டாலே கண்ணாடி மங்கிவிடும். நான் ஓட்ட, மனைவி துணியால் துடைத்துக்கொண்டே வருவாள். உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணாடியில் தேய்த்தால் நல்லது என்று யாரோ சொல்ல, அதையும் செய்தோம். ஊட்டி உருளைக்கிழங்கே ஆனாலும் கண்ணாடி மங்கியபடிதான் இருந்தது.

இப்படியே மூன்று குளிர்காலம் போயிற்று.

முதலில் புளோயரைச் சந்தேகப்பட்டேன். கழற்றினால் ஒரு கைப்பிடி கற்பூர மரத்து இலை. எடுத்துப் போட்ட பிறகு காற்று நன்றாக வந்தது, அதுவும் ஜில்லென்று. அடுத்து ஒரு ஏசி கடைக்காரர், "கேஸ் கம்மியா இருக்கு சார், போட்டா ஹீட்டர் சரியாயிடும்" என்றார். அன்றைக்கு எனக்கும் விவரம் தெரியாது, பணம் கொடுத்தேன். ஹீட்டருக்கும் ஏசி கேஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்ஜினைச் சுற்றிவரும் சூடான கூலன்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் (ஹீட்டர் காயில் என்பார்கள்) வழியாகப் போகும். அதன் மேல் காற்றை ஊதுவதுதான் ஹீட்டர். கண்ணாடியில் படியும் ஈரத்தை உறிஞ்ச ஏசியையும் சேர்த்துப் போட்டால் உதவும் என்பது வேறு விஷயம்.

உண்மையான துப்பு முதல் நாளிலிருந்தே கண்ணெதிரே இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ஏறும்போது ஹீட்டர் ஓரளவு சுடும். ஊட்டியிலிருந்து இறங்கும்போது குன்னூர் வருவதற்குள் ஆறிப்போகும். இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல்தானே வருகிறோம்? அப்போது இன்ஜினுக்குள் டீசலே போகாது, சூடு எங்கிருந்து வரும் என்று நினைத்து விட்டுவிட்டேன். ஆனால் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்திருக்க வேண்டும். சமதளத்தில் அரை மணி நேரம் ஓட்டினாலும் அது கால்வாசியைத் தாண்டியதில்லை. வண்டி சூடாவதில்லை, நல்லதுதானே என்று பெருமையாக வேறு இருந்தேன்!

நான்காவது குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பானட்டைத் திறந்து வைத்து, ஹோஸ்களைத் தொட்டுப் பார்த்தேன். ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் இரண்டும் நல்ல சூடாக இருந்தால் கோளாறு உள்ளே, காற்றைத் திருப்பிவிடும் ஃபிளாப்பில். ஒன்று சூடு, இன்னொன்று ஆறியிருந்தால் ஹீட்டர் காயிலில் அடைப்பு அல்லது ஏர்லாக், அதாவது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. இரண்டுமே வெதுவெது என்றால் இன்ஜினே சூடாகவில்லை என்று அர்த்தம். எனக்கு இரண்டும் வெதுவெது. அடுத்து ரேடியேட்டரின் மேல் ஹோஸ். இன்ஜின் சூடாகும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் மறிக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது ஒழுங்காக இருந்தால் ஸ்டார்ட் செய்து சில நிமிடம் இது குளிர்ந்தே இருக்கும். கூலன்ட் எண்பது டிகிரிக்கு மேல் போய் வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். எனக்கோ முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தது.

வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து, அது உட்காரும் கூட்டைக் கழற்றினேன். உள்ளே வால்வே இல்லை.

அப்போதுதான் 2018 ஏப்ரல் ஞாபகத்துக்கு வந்தது. கோவையில் சிக்னலுக்குச் சிக்னல் வண்டி சூடாகிக்கொண்டிருந்த சமயம். "நம்மூரு வெயிலுக்கு இந்த வால்வு எதுக்குங்க? கழட்டி உட்டரலாங்க" என்றார் மெக்கானிக். தலையாட்டியது நான்தான். அதனால் அவரை மட்டும் திட்ட முடியவில்லை, திட்டாமலும் இருக்க முடியவில்லை. வண்டி அன்று சூடானதற்கு வால்வா காரணம்? ரேடியேட்டரில் கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றி உப்புப் படிந்துபோனதுதான். அடைப்பை எடுக்காமல் வால்வை எடுத்துவிட்டு, எனக்குக் குளிர்காலத்தைக் கொடுத்துவிட்டார். சமவெளியில் பழைய வண்டி வாங்குகிற யாருமே இதை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

புது வால்வு 900 ரூபாய். மாட்டியதும் முள் நடுவில் வந்து நின்றது. ஆனாலும் ஹீட்டர் அரைகுறையாகத்தான் சுட்டது. இப்போது ஒரு ஹோஸ் சூடு, இன்னொன்று ஆறியிருந்தது. அதே போர் தண்ணீர் ஹீட்டர் காயிலையும் விட்டுவைக்கவில்லை. ஹோஸ் இரண்டையும் கழற்றி, வெளியே வரும் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் தண்ணீரை மெதுவாகவே விட்டோம், வேகமாக விட்டால் பழைய காயில் பிய்ந்துவிடும். டீ டிகாஷன் மாதிரி வந்தது. நான்கு முறை விட்ட பிறகுதான் தெளிந்தது. கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றினோம். ஏர்லாக் போக வண்டியின் மூக்கை மேடு பார்த்து நிறுத்த வேண்டும், ஊட்டியில் அதற்கு மட்டும் பஞ்சமில்லை. ரேடியேட்டர் மூடியையும் மாற்றினேன். இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்த மூடிதான்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்குக் காந்தலிலிருந்து சேரிங் கிராஸ் போவதற்குள் கண்ணாடி தானாகத் தெளிந்தது. மனைவி ஸ்வெட்டரைக் கழற்றினாள். லிட்டருக்கு 13 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி இப்போது 14.5 கொடுக்கிறது. இத்தனை வருடம் குளிர்ந்த இன்ஜினை ஓட்டி எவ்வளவு டீசலைக் கொட்டினேன் என்று கணக்குப் போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

இவ்வளவு சொன்ன பிறகு வாங்கு என்றுதானே சொல்ல வேண்டும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஹீட்டர் முழு மூச்சில் ஊத ஆரம்பித்ததும், உள்ளே ஃபிளாப்பில் ஒட்டியிருந்த பழைய ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்ந்து, வென்ட் வழியாகக் கறுப்புக் கறுப்பாக முகத்தில் வந்து விழுகிறது. அதை மாற்ற டேஷ்போர்டு முழுவதையும் இறக்க வேண்டும். இறக்கிய டேஷ்போர்டு பழையபடி சத்தமில்லாமல் உட்காராது என்று மெக்கானிக்கே சொல்கிறார். இன்று காலை கல்யாண வீட்டுக்கு வெள்ளை வேட்டி சட்டையில் கிளம்பினேன், எல்க் ஹில் தாண்டும்போது பார்த்தால் நெஞ்செல்லாம் மை தெளித்த மாதிரி புள்ளி.

நண்பர் அப்படியும் ஞாயிற்றுக்கிழமை வந்து என் வண்டியை ஓட்டிப் பார்க்கிறாராம். கலர் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.