செக்கு தூரேயா, செங்கோரா?

1958 செப்டம்பர் 28. பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்க மக்கள் முன் ஒரே கேள்வி: பிரெஞ்சுப் பிரதமர் தெ கோலின் புதிய அரசமைப்பை ஏற்று பிரான்ஸுடன் இருப்பதா, உடனே விலகுவதா? கினியின் தலைவர் செக்கு தூரே "வேண்டாம்" என்றார். செனகலின் தலைவர் செங்கோர் "சரி" என்றார். இருவரில் யார் மேல் என்று அந்த ஒரு நாளை மட்டும் வைத்துக் கேட்டால் நான் தூரே பக்கம்தான். பிறகு அதிபர்களாக அவர்கள் நடத்திய ஆட்சியை வைத்துக் கேட்டால் செங்கோர் பக்கம்.

கினியில் 95 சதவீதத்துக்கும் மேல் தூரே சொன்னபடியே வாக்களித்தார்கள். அக்டோபர் 2-இல் விடுதலை. ஆத்திரத்தோடு கிளம்பிய பிரெஞ்சு அதிகாரிகள் தொலைபேசிகளைக்கூடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அத்தனை அவமானத்தையும் தாங்கி நின்ற மனிதர்தான் பிறகு எல்லாரையும் சந்தேகப்பட ஆரம்பித்தார். தலைநகர் கொனாக்ரியின் போய்ரோ முகாம் அரசியல் கைதிகளால் நிரம்பியது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளர் தியாலோ தெல்லியை 1977-இல் அங்கேதான் சோறு தண்ணீர் இல்லாமல் சாகவிட்டார்கள். இதை மன்னிக்க என்னால் முடியவில்லை. தூரே 1984-இல் இறக்கும்வரை நாற்காலியை விடவில்லை.

செங்கோர் கவிஞர், பிரான்ஸ் மீது பாசம் அதிகம். செனகலின் விடுதலை 1960-இல்தான் வந்தது. அவர் கையும் சுத்தமல்ல: பிரதமர் மமது தியாவை 1962-இல் கைது செய்து 1974 வரை சிறையில் வைத்தார். ஆனால் எழுபதுகளில் எதிர்க்கட்சிகளுக்கு வழிவிட்டார். 1980 டிசம்பர் 31 அன்று, யாரும் துரத்தாமலேயே பதவி விலகினார். மறுநாள் அப்து தியூஃப் அதிபராகப் பொறுப்பேற்றார்.