பூஸ்ட் மீற்றர்: குழாயா, வயரா, ஃபோனா?

போன மாதம் ஒரு காலை, உப்புவெளியில் பக்கத்து வளவுத் தம்பி கையில் ஃபோனோடு வந்து நின்றான். வண்டியின் கம்பியூட்டர் சொல்வதை ஃபோனில் காட்டும் ஓ.பி.டி கருவி ஒன்றைப் புதிதாக வாங்கித் தன் டீசல் பிக்கப்பில் செருகியிருக்கிறான். "அண்ணை, சாவியை மட்டும்தான் திருப்பினனான். எஞ்சின் ஸ்டார்ட்டே இல்லை. பூஸ்ட் 101 எண்டு காட்டுது. சென்சர் போயிட்டுதோ?"

சென்சருக்கு ஒன்றுமில்லை. அது காட்டியது பூஸ்ட் அல்ல, நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம். டர்போ என்ற காற்றுப் பம்ப் எஞ்சினுக்குள் அமுக்கித் தள்ளும்போது அதற்கு மேல் ஏறும் அழுத்தம்தான் பூஸ்ட். கடல்மட்டத்தில் அது ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். திருகோணமலைக் கரையில் நின்று சாவியைத் திருப்பினால் 100, 101 என்று வரத்தான் வேண்டும். வந்தால் சென்சர் சரி என்று அர்த்தம். அதே வண்டியை நுவரெலியாவில் நிறுத்திப் பார்த்தால் 81, 82 அளவில் நிற்கும். எஞ்சினில் எதுவும் மாறியிருக்காது, உயரம்தான் மாறியிருக்கும்.

அவனுக்கு விளக்கப் போய், மூன்று வகை மீற்றரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டியதாயிற்று. லொறிக்குப் பூட்ட என் கை போவது குழாய் மீற்றருக்குத்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குழாய் மீற்றர் என்றால், எஞ்சினுக்குள் காற்றுப் போகும் இன்டேக் மனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய நைலோன் குழாய் டாஷ்போர்ட் வரை வரும். மீற்றருக்குள்ளே வளைந்த உலோகக் குழல் ஒன்று இருக்கும். திருவிழாவில் பிள்ளைகள் ஊதும் சுருள் பீப்பீ, ஊதினால் நீளுமே, அதே வேலைதான். அழுத்தம் ஏற ஏறக் குழல் நிமிரப் பார்க்கும், அந்த அசைவு முள்ளைத் திருப்பும். பூர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849இல் காப்புரிமை பெற்ற வேலைப்பாடு இது. கரண்ட் வேண்டாம், கம்பியூட்டர் வேண்டாம். கால் பெடலில் அழுந்தும்போதே முள்ளும் நகரும்.

அந்த உடனடித்தனம் எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குக் காட்டியது ஒரு கோதுமை மா லோட். சீனக்குடாவில் ஏற்றிக்கொண்டு ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாத்தளைக்கு முந்திய ஏற்றங்களில் மூன்றாம் கியர், முழுப் பெடல் என்றால் எங்கள் லொறியில் முள் 1 பாரில், அதாவது 100 கிலோபாஸ்கலில் நிற்கும். அன்று 0.6இல் நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கறுப்புப் புகை. "டர்போ போச்சு மச்சான்" என்றான் ஓட்டிக்கொண்டிருந்த மைத்துனன். ஓரங்கட்டி கபினைத் தூக்கிப் பார்த்தோம். அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸின் வாயில் எண்ணெய் கலந்த கறுப்பு வளையம், விரல் வைத்தால் ஒட்டியது. கிளிப் தளர்ந்திருந்தது. டர்போ அமுக்கிய காற்றில் ஒரு பங்கு அந்த இடுக்கால் வெளியே போக, எரிக்கக் காற்றுப் போதாத டீசல் புகையாகப் போயிருக்கிறது. கிளிப்பை இறுக்கியதும் அடுத்த ஏற்றத்தில் முள் பழையபடி 1இல். மீற்றர் இல்லாவிட்டால் அந்தப் புகையைப் பார்த்து டர்போவையே கழற்றியிருப்போம்.

குறையும் உண்டு. டீசல் எஞ்சினில் எண்ணெய் ஆவியும் கரியும் குழாய்க்குள் மெல்ல மெல்லச் சேரும். முள் நடுங்கினால் குழாயின் வாயில் ஊசித்துளை உள்ள சின்னப் பித்தளை அடைப்பு ஒன்று வைக்க வேண்டும். குழாய் சைலன்சர்ப் பக்கம் சாய்ந்தால் உருகிவிடும். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் முள் குறைத்துத்தான் காட்டும். அதனால் முள் இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது டர்போவை அல்ல, மீற்றரின் சொந்தக் குழாயை.

சென்சர் வைத்த எலக்ட்ரிக் மீற்றரில் குழாய் உள்ளே வருவதில்லை, வயர்தான் வரும். பெட்ரோல் எஞ்சினுக்கு இது நல்லது, எரிபொருள் ஆவி கலந்த காற்றுக் குழாய் கபினுக்குள் வர வேண்டியதில்லை. உச்ச அளவை நினைவில் வைத்துக் காட்டுபவையும் உண்டு. ஆனால் லொறிக்காரருக்கு இரண்டு தலையிடி. ஒன்று, கடையில் கிடைப்பவை அநேகம் காருக்கான 12 வோல்ற். நம் பெரிய லொறி இரண்டு பற்றரி போட்ட 24 வோல்ற். சிலர் ஒரு பற்றரியிலிருந்து மட்டும் 12 வோல்ற் எடுப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒன்று வடிந்து மற்றது அளவுக்கு மேல் சார்ஜ் ஆகி, இரண்டுமே கெடும். கொன்வேர்ட்டர் வைத்துத்தான் பூட்ட வேண்டும். மற்றது உப்புக்காற்று. கடற்கரையில் நிற்கும் வண்டியில் செப்பு முனை பச்சை பிடிக்கும், ஏர்த் வயர் துருவேறும், அளவு தாறுமாறாகும். அந்தப் பொய் அளவை நம்பி எஞ்சினில் கைவைப்பது பெரிய செலவு.

ஃபோன் வழி மலிவு, பூட்டும் வேலையும் இல்லை. ஆனால் பழைய மெக்கானிக்கல் பம்ப் லொறியில் செருக இடமே இருக்காது. புதிய கனரக லொறிகள் பல வேறு மொழியில் பேசுபவை, கார் கருவிக்கு விளங்காது. வழமையான ஓ.பி.டியில் மனிஃபோல்ட் அழுத்தம் 255 கிலோபாஸ்கலுக்கு மேல் போகாது, ஏனென்றால் அந்த அளவு ஒரே ஒரு பைட்டில் வருகிறது, ஒரு பைட் 0 முதல் 255 வரைதான் எண்ணும். 101ஐக் கழித்தால் மிச்சம் 154, அதாவது 22 பி.எஸ்.ஐ (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) அளவு. அதற்கு மேல் பூஸ்ட் இருந்தாலும் எண் அங்கேயே நிற்கும். எண் மாறுவதும் விட்டு விட்டுத்தான், காலோடு சேர்ந்து வராது.

இதுவரை சொன்னது டர்போவுக்கு. சுப்பர்சார்ஜர் போட்ட எஞ்சினில் முள்ளை வேறு விதமாக வாசிக்க வேண்டும். டர்போவைச் சுற்றுவது புகை, சுப்பர்சார்ஜரைச் சுற்றுவது பெல்ட். அமெரிக்காவில் 2001 முதல் விற்ற நிசான் ஃபிரொண்டியர் சுப்பர்சார்ஜ்ட் பிக்கப் போன்ற பெட்ரோல் வண்டியில், ஐட்லிங்கில் முள் பூச்சியத்துக்கு இடப்பக்கம், 18, 20 அங்குலப் பாதரச அளவுக்கு வெற்றிடம் காட்டும். மெதுவாக ஓடும்போதும் அப்படித்தான். அப்போது காற்றைத் திருப்பிச் சுற்றிவிடும் பைபாஸ் வால்வு திறந்திருக்கும். பெடலை மிதித்த கணமே பூச்சியத்தைத் தாண்டி ஏறும், டர்போவுக்குப் போலக் காத்திருக்கத் தேவையில்லை. சுற்று கூடக் கூட பூஸ்ட் ஏறாமல் இறங்கினால் முதலில் பெல்ட் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

பழைய டீசலில் காற்றை மறிக்கும் த்ரொட்டில் இல்லாததால் வெற்றிடமும் இல்லை, ஐட்லிங்கில் முள் பூச்சியத்தில் கிடக்கும். பெட்ரோலுக்குச் செய்த மீற்றரை டீசல் லொறியில் பூட்டினால் முகத்தில் பாதி வீண், மிச்சப் பாதியில் கோடுகள் நெருங்கி வாசிக்கக் கஷ்டம். டீசலுக்கு 0 முதல் 2 பார் வரை மட்டும் காட்டுவதை வாங்குங்கள். பி.எஸ்.ஐயில் குறித்திருந்தால் 14.5 என்பது 1 பார்.

தம்பியின் பிக்கப் கொமன்ரெயில், அதாவது கம்பியூட்டர் கட்டுப்படுத்தும் டீசல், 12 வோல்ற். லொறிக்குக் குழாய் என்று நிற்கும் நானே அவனுக்கு ஃபோன் போதும் என்றேன். ஒரு நிபந்தனை: வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரே றோட்டில், ஒரே கியரில், முழுப் பெடலில் வரும் எண்ணை எழுதிவைக்க வேண்டும். மறுநாள் கந்தளாய் போய்வந்து கொப்பியைக் காட்டினான். மூன்றாம் கியர், 2,500 சுற்று, 214. கீழே தானே 101ஐக் கழித்து 113 என்று எழுதி வட்டமிட்டிருந்தான்.