நாய்க்கு இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் புரொபோசல் படிவத்தை இப்போதே வாங்கிப் பாருங்கள்

போன மாம்பழ சீசனில் எங்கள் மணி மாங்கொட்டையை அப்படியே விழுங்கிவிட்டான். குடலில் அடைப்பு, இரண்டு நாள் வாந்தி, கடைசியில் ஆபரேஷன். பில் 46,000 ரூபாய். இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே என்று கிளெய்ம் போட்டேன். பதினெட்டாம் நாள் மெயில் வந்தது: இனம் பற்றித் தவறான தகவல் கொடுத்ததால் பாலிசி ரத்து. கட்டிய பிரீமியத்தை மட்டும் கணக்கில் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.

மணி லேப்ரடார் கலப்பு. தடுப்பூசி அட்டையிலேயே டாக்டர் அப்படித்தான் எழுதியிருக்கிறார். அந்த அட்டையை பாலிசி எடுக்கும்போதே ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். புரொபோசல் படிவத்தை, அதாவது பாலிசிக்கான விண்ணப்பத்தை, நிரப்பியது அவர். ஓடிபி கேட்டார், சொன்னேன்; என் முட்டாள்தனம் அதுதான். இப்போது நகல் வாங்கிப் பார்த்தால் 'ப்யூர் லேப்ரடார்' என்று இருக்கிறது. ஏஜென்ட் போனை எடுப்பதே இல்லை.

2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தனிநபரின் பொதுக் காப்பீட்டு பாலிசியை நிறுவனம் ரத்து செய்ய ஒரே காரணம்தான் உண்டு: நிரூபிக்கப்பட்ட மோசடி. அதற்கும் குறைந்தது 7 நாள் நோட்டீஸ் தர வேண்டும். எனக்கு ஒரு நாள்கூட இல்லை. அட்டையையே அனுப்பியவன் எதை மறைத்தானாம்?

பிரீமியம் திரும்பி வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். 'இதை முழுத் தீர்வாக ஏற்கவில்லை' என்று அன்றே மெயில் போட்டேன். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார். ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவிலும் பதிந்தேன். டோக்கன் எண் வந்தது, பதில் மட்டும் அதே பழைய பதில். ஒரு மாதம் பொறுத்துவிட்டு சென்னையில் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம், அதாவது காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் நடுவரிடம், மனு கொடுத்தேன். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம், நாமே பேசலாம். நிறுவனம் மறுத்து ஒரு வருஷத்துக்குள் போய்விட வேண்டும். அங்கே வரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நமக்குப் பிடிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதற்குக் கெடு இரண்டு வருஷம். ஆனால் முதலிலேயே அங்கே வழக்குப் போட்டுவிட்டால் ஆம்புட்ஸ்மேன் மனுவை எடுக்க மாட்டார், வரிசையை மாற்றிவிடாதீர்கள்.

என் மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. கையில் இருக்கும் ஒரே பிடி அந்த வாட்ஸ்அப் மெசேஜ்தான். நடுவில் போன் மாற்றினேன்; பேக்கப் எடுக்காமல் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.