சோத்கங்கா: நம்மூர் ஆய்வேடுகளை நம்மாட்கள் படிக்க முடியுமா?

"அண்ணாச்சி, மவன் டாக்டர் பட்டம் வாங்கிட்டான்னு ஃபிளெக்ஸ் வச்சிருக்கிய. சந்தோசம். அதுல ஊருக்கு என்ன பிரயோசனம்?"

பாளையங்கோட்டை டீக்கடையில் இப்படி ஒரு கேள்வி விழுந்தால் பதில் சொல்லத் திணறாத முனைவர்கள் குறைவு. ஐந்து வருஷ உழைப்பு, முந்நூறு பக்கம், தடித்த அட்டை, தங்க எழுத்து. முன்பெல்லாம் அதில் ஒரு பிரதி பல்கலைக்கழக நூலக அலமாரிக்குப் போகும். இன்னொன்று நெறியாளர் அறையில் தூசி தின்னும். ஆய்வேடுகளை இணையத்தில் வைத்து அந்த அலமாரிக் கதவைத் திறந்துவிட்ட சேவை என்று சோத்கங்காவைச் சொல்லலாம். சோத் என்றால் இந்தியில் ஆய்வு. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் இருக்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் அதை நடத்துகிறது. முனைவர் ஆய்வேட்டின் மின்பிரதியைக் கொடுக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2009-ல் விதி போட்டது. 2016 விதிகளில் பட்டம் வழங்கும் முன்பே கொடுத்தாக வேண்டும் என்று இறுக்கியது. இப்போது இந்தியா முழுக்க 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் இருக்கின்றன. கட்டணம் இல்லை, பயனர் கணக்கு தொடங்க வேண்டியதில்லை. படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், பெயர் சொல்லிப் பகிரலாம். விற்கத்தான் கூடாது.

கதவு திறந்திருக்கிறது, சரி. உள்ளே போனால் விளக்கு எரிகிறதா என்பதுதான் இந்த மதிப்புரை.

தேடுவதிலிருந்து தொடங்கலாம். திருநெல்வேலி பற்றிய ஆய்வு என்றதும் எல்லோரும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைத்தான் திறக்கிறார்கள். பல்கலைக்கழகப் பட்டியல், துறை, தலைப்பு என்று இறங்கினால் வந்துவிடும். கல்லூரிப் பெயரைப் பட்டியலில் தேடிப் பயனில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இருந்து ஆய்வு செய்தவரின் ஏடும் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் கிடக்கும். அந்தப் பல்கலைக்கழகம் பிறந்ததே 1990-ல். அதற்கு முன் நெல்லைக் கல்லூரிகள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன, ஆகவே பழைய ஏடுகளுக்கு மதுரையைத் திறக்க வேண்டும். பொறியியல் என்றால் அண்ணா பல்கலைக்கழகம். நெல், வாழை, மண் என்றால் சோத்கங்காவோடு நின்றுவிடாமல் வேளாண் ஆய்வேடுகளுக்கான கிருஷிகோஷ் தளத்தையும் பாருங்கள்.

தேடல் பெட்டியில் தட்டுவோருக்குத் தாமிரபரணியே பெரிய சோதனை. ஆங்கிலத்தில் எழுதும்போது டி-க்குப் பின்னால் எச் உண்டா, நடுவில் வருவது பாண்டியின் பி-யா பாம்பேயின் பி-யா என்பதில் நம் ஆய்வாளர்களிடையே ஒற்றுமை கிடையாது. ஒரே ஆற்றுக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டல். திருநெல்வேலிக்கும் எச் போட்டது, போடாதது, வெள்ளைக்காரன் எழுதிய தின்னவேலி என்று மூன்று. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்காமல் 'இல்லை' என்று முடிவுகட்ட வேண்டாம். சின்ன ஊர்ப் பெயரோ அணைக்கட்டின் பெயரோ தெரிந்தால் அதையும் போடுங்கள். கன்னடியன், நதியுண்ணி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று தட்டும்போது பாசனம் பற்றிய ஏடுகள் சிக்க வாய்ப்பு அதிகம்.

மாவட்டப் பெயரை அப்படியே நம்பவும் கூடாது. 1986 அக்டோபருக்கு முந்தைய ஏட்டில் திருநெல்வேலி மாவட்டம் என்றால் அதில் தூத்துக்குடியும் அடக்கம். 2019 நவம்பருக்கு முந்தையது என்றால் தென்காசி அடக்கம். செங்கோட்டை மழையையும் திசையன்விளை வறட்சியையும் சேர்த்துக் கூட்டி எடுத்த சராசரி இன்றைய மாவட்டத்தில் எந்த ஊருக்கும் பொருந்தாது. மேற்கோள் காட்டுகிறவர்கள் அதிகம் வழுக்குவது இந்த இடத்தில்தான்.

சரி, ஏடு கிடைத்துவிட்டது. திறந்தால் ஒரே கோப்பாக இருக்காது. தலைப்பு, சான்றிதழ், பொருளடக்கம், ஒவ்வோர் இயலும் ஒரு பி.டி.எஃப் என்று வெட்டி வைத்திருப்பார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் போன் டேட்டாவில் படிப்பவருக்கு இது உபகாரம், வேண்டிய இயலை மட்டும் இறக்கிக்கொள்ளலாம். பொதுவாசகர் முதல் இயலில் தொடங்கினால் இரண்டாவதிலேயே தூங்கிவிடுவார், அது முன்னாய்வுகளின் மதிப்பீடு. கோப்புப் பட்டியலின் கடைசிப் பக்கம் போங்கள். 80 என்ற எண்ணோடு ரெக்கமண்டேஷன் என்று ஒரு கோப்பு பெரும்பாலும் இருக்கும். தலைப்புப் பக்கமும் முடிவுரையும் சேர்ந்த சின்னக் கோப்பு அது. அதை முதலில் படித்துவிட்டு, நோக்கங்கள் எழுதிய பக்கம், அப்புறம் மாதிரிகள் எங்கே, எப்போது, எத்தனை எடுத்தார்கள் என்ற பகுதி. இந்த மூன்றும் அரை மணி நேர வேலை. முந்நூறு பக்கத்தில் பொதுமக்களுக்குத் தேவையானதில் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடும்.

ஊராருக்கு உடனடியாகப் பயன்படும் வகை எது என்று கேட்டால் தயங்காமல் நிலத்தடி நீர் ஆய்வுகளைச் சொல்லலாம். ராதாபுரம், நாங்குநேரி பக்கம் கிணற்றை நம்பி இருப்பவர்கள் அவற்றின் அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் போதும், அந்த ஏடு எழுதியதன் பயனில் பாதி கிடைத்துவிடும். நாலைந்து எண்களைத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு நீர் இல்லையென்றால் 2000 வரை பொறுக்கலாம். ஃபுளூரைடு 1, வேறு வழியில்லாவிட்டால் 1.5. நைட்ரேட் 45, அதில் சலுகையே கிடையாது. அட்டவணையில் பி.பி.எம் என்று போட்டிருந்தால் குழம்ப வேண்டாம், தண்ணீரைப் பொறுத்தவரை லிட்டருக்கு மில்லிகிராமும் அதுவும் ஒன்றேதான். மின்கடத்துத்திறனை மைக்ரோசீமன்ஸ் கணக்கில் மட்டும் கொடுத்திருந்தால் 0.64-ஆல் பெருக்குங்கள், கரைந்த உப்பின் அளவு உத்தேசமாக வந்துவிடும்.

அடுத்து மாதிரி எடுத்த மாதம். இது இல்லாத அட்டவணையைத் தொடவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் எடுத்த நீரும் மே மாதத்தில் எடுத்த நீரும் ஒரே கிணற்றுத் தண்ணீர்தான், ஆனால் எண்கள் ஒன்றாக இருக்காது. நல்ல ஏட்டில் மழைக்கு முன், மழைக்குப் பின் என்று இரண்டு வரிசை இருக்கும். ஒரு வரிசை மட்டும் இருந்தால், அது எந்தப் பருவம் என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் பயப்படலாம், அல்லது நிம்மதியடையலாம்.

மண் ஆய்வில் வேறொரு வழுக்கல். நெற்பயிர் மண்ணின் உப்பை, மின்கடத்துத்திறன் கணக்கில், மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் வரை தாங்கும், அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் சுமார் 12 சதவீதம் குறையும் என்பது உலகமெங்கும் புழங்கும் கணக்கு. ஆனால் அந்த 3 என்பது மண்ணை நீர் விட்டுக் கூழாகக் குழைத்து, அதிலிருந்து பிழிந்த சாற்றில் அளந்தது. நம்மூர் ஆய்வுக்கூடங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு அல்லது இரண்டரைப் பங்கு நீர் கலந்து அளப்பதும் உண்டு. நீர் கூடினால் எண் குறையும். ஆய்வேட்டில் 1.5 என்று பார்த்துவிட்டு 'பாதிதானே இருக்கிறது' என்று பிசான நெல் பருவத்துக்கு நாற்றுப் பாவியவர், எந்த முறையில் அளந்தார்கள் என்று ஒரு வரி முன்னால் படித்திருக்க வேண்டும்.

இங்கேதான் இந்தச் சேவையின் பெரிய ஓட்டை. மேலே சொன்ன எதையும் தளம் சொல்லித்தராது. தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், முடித்த தேதி என்று விவரப் பக்கம் ஒன்று இருக்கிறது. சுருக்கம் போடவும் இடம் உண்டு. பல ஏடுகளில் அந்த இடத்தில் முன்னுரையின் முதல் பத்தியை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், சிலவற்றில் வெறுமனே விட்டுவிட்டார்கள். அதைத் தளத்தின் குற்றம் என்று சொல்ல முடியாது, ஏற்றுகிறவர் கையில் இருப்பது அது. தமிழில் ஒரு பக்கம் எளிய விளக்கம் என்று தனிக் கட்டமே இல்லாதது மட்டும் தளத்தின் குறைதான்.

தமிழிலேயே எழுதிய ஏடுகளுக்குச் சனி வேறு வடிவில் வருகிறது. யூனிகோடுக்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை ஏராளம். திரையில் அழகாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக வந்து நிற்கும். அந்தக் கோப்புக்குள் தமிழில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவச மாற்றியில் போட்டால் சரியாகிவிடும், ஆனால் எழுத்துரு எது என்று ஊகிக்க வேண்டும். ஸ்கேன் செய்து ஏற்றிய பழைய ஏடுகளில் அந்த வழியும் இல்லை, அவை வெறும் படம். கண்ணால்தான் புரட்ட வேண்டும்.

ஆய்வாளர்களுக்கு இந்த இடத்தில் ஒரு யோசனை. குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் தொடங்கிய போட்டியில் முனைவர் ஆய்வை மூன்று நிமிடத்தில், அசையாத ஒரே ஸ்லைடை வைத்துச் சொல்ல வேண்டும். நம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2018-ல் அவ்சர் என்று எளிய கட்டுரைக்கான போட்டி தொடங்கியது. அந்தப் பரிசெல்லாம் இருக்கட்டும், டீக்கடைக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதுவது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. ஆய்வேட்டின் முடிவுரையில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: "பகுப்பாய்வுக்கு உட்படுத்தப்பட்ட நாற்பது மாதிரிகளில் பதினைந்து சதவீதம் அனுமதிக்கத்தக்க வரம்பைக் கடந்த ஃபுளூரைடு செறிவைக் கொண்டிருப்பது கண்டறியப்பட்டது." இதை ஊராருக்கு எழுதினால்: "நாற்பது கிணறுகளில் ஆறின் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பல்லில் கறை விழும். கொதிக்க வைத்தாலும் ஃபுளூரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். குளிக்க, துவைக்கப் பயன்படுத்தலாம்." சதவீதம் கிணறாக மாறியது. வரம்பு என்ற சொல் செய்ய வேண்டியதாகவும் கூடாததாகவும் மாறியது. நாற்பது என்ற எண்ணை மட்டும் மறைக்கக் கூடாது. அதை மறைத்து 'பதினைந்து சதவீதக் கிணறுகள் கெட்டவை' என்று எழுதினால், மறுநாளே மாவட்டம் முழுவதற்கும் அதைப் பொருத்திச் செய்தி வரும்.

'புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்கது' என்ற தொடரை அந்தப் பக்கத்தில் போடவே வேண்டாம். அது 'முக்கியமானது' என்று படிக்கப்படும். வித்தியாசம் தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு என்று மட்டுமே அதற்குப் பொருள். வித்தியாசம் பெரியதா சின்னதா என்று அது சொல்லாது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை கூடியது என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வணிகவியல், சமூகவியல் ஏடுகளைப் படிக்கும்போது இன்னும் கொஞ்சம் கறாராக இருக்கலாம். "மிகவும் திருப்தி" முதல் "திருப்தியே இல்லை" வரை ஐந்து கட்டத்தில் டிக் அடிக்க வைத்து, சதவீதம் போட்டு முடித்த ஆய்வுகள் நிறைய. அவற்றின் பரிந்துரைகளை விடப் பின்னிணைப்பில் இருக்கும் வினாத்தாள் பயனுள்ளது. கேள்வியே பதிலைச் சொல்லிக்கொடுக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். யாரிடம் கேட்டார்கள் என்றும் பாருங்கள். கைக்கு எட்டியவர்களிடம் கேட்டது என்று ஆய்வு முறையியலில் ஒத்துக்கொண்டிருப்பார்கள், முடிவுரையில் அது மறந்திருக்கும்.

எழுத்துத் திருட்டு பற்றியும் ஒரு வார்த்தை. யுஜிசியின் 2018 விதிப்படி மற்றவர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. ஒப்புமைச் சான்றிதழ் முன்பக்கக் கோப்புகளில் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். எண் குறைவு என்பதால் ஆய்வு நல்லது என்று ஆகாது, வரிகள் நகல் இல்லை என்பது மட்டும்தான் அதில் தெரியும்.

இன்னும் முடியாத ஆய்வுகளுக்கு இதே மையம் சோத்கங்கோத்ரி என்று ஒரு தனித்தளம் வைத்திருக்கிறது. ஆய்வுச் சுருக்கங்கள் அங்கே கிடைக்கும். உங்கள் ஊரில் யாராவது இப்போது எதையாவது அளந்துகொண்டிருக்கிறார்களா என்று அறிய அது ஒரு வழி. அதைவிட நேரடியான வழி, ஆய்வு முடிகிறபோது நடக்கும் பொது வாய்மொழித் தேர்வு. பெயரிலேயே பொது இருக்கிறது. விதிப்படி ஆசிரியர்களும் பிற ஆய்வாளர்களும் மாணவர்களும் வரலாம். நடைமுறையில் பின்வரிசையில் வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள், வாசலில் மதியச் சாப்பாட்டு ஏற்பாடு நடக்கும். நாள், நேரம், தலைப்பு எல்லாம் துறை சுற்றறிக்கையில் முன்கூட்டியே வரும். கிணறு உங்களுடையது, ஆய்வு உங்கள் ஊரைப் பற்றியது என்றால் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போய் உட்காருங்கள். அவையோரிடம் கேள்வி உண்டா என்று தேர்வாளர் கேட்கும்போது, மாதிரி எந்த மாதம் எடுத்தது என்று தமிழிலேயே கேட்கலாம்.