துணி, ஜாடி, தட்டு, மெஷின்: பயறு முளைகட்ட எது சரி? பச்சையாகச் சாப்பிடலாமா?

பயறு முளைகட்டிச் சாப்பிடலாம் என்று முடிவெடுத்ததும் எல்லோரும் முதலில் கேட்பது "எதில் கட்டுவது?" என்றுதான். ஈரத்துணியில் மூட்டை கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கண்ணாடி ஜாடியை விடாதவர்கள் இருக்கிறார்கள், ஓட்டை போட்ட அடுக்குத் தட்டு வாங்கியவர்கள், தானாகவே தண்ணீர் தெளிக்கும் மெஷின் வாங்கியவர்கள் என்று ஆளுக்கொரு வழி. நான்கிலும் முளை வரத்தான் செய்யும். எந்தப் பயறுக்கு எது தோது என்பதைப் பார்ப்போம். அதைவிட முக்கியமாக, முளைத்ததை அப்படியே பச்சையாகச் சாப்பிடுவதா, வேகவைத்தா என்பதையும் பேச வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியை நிறையப் பேர் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு அதில்தான் ஆதங்கம்.

எந்த முறையானாலும் தொடக்கம் ஒன்றுதான். கல், சொத்தை, உடைந்தது எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு 8 முதல் 12 மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டி, இரண்டு தடவை அலசி, ஒட்ட வடியுங்கள். முளைக்கிற விதை மூச்சு விடும், அதற்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். தண்ணீர் தேங்கிய இடத்தில் காற்று போகாது, பயறு கொழகொழத்துப் புளித்த வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் நான்கையும் ஒப்பிட நான் பார்ப்பது மூன்று விஷயங்கள்: மிச்சத் தண்ணீர் சுலபமாக வடிகிறதா, காற்று உள்ளே போகிறதா, பாத்திரத்தைச் சுத்தம் செய்வது எளிதா.

துணி முறைக்குத் தனியாக எதுவும் வாங்க வேண்டாம், ஒரு சுத்தமான பருத்தித் துணி போதும். ஈரத்தை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பிடித்து வைத்திருக்கும் என்பதால் பாசிப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை மாதிரி பருமனான பயறுகளுக்கு அருமையான வழி. குறுகிய முளை போதும் என்றால் இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. ஆனால் இன்னும் ஒரு நாள் விட்டு நீள முளை வரட்டும் என்று நினைத்தால் வேர் துணிக்குள் ஊடுருவிப் பின்னிக்கொள்ளும், பிரிக்கும்போது பாதி முளை ஒடிந்துபோகும். உள்ளே என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். வறண்ட வெப்பத்தில் துணி சீக்கிரம் காய்ந்துவிடும். அப்புறம், அந்தத் துணியை ஒவ்வொரு முறையும் கொதிநீரில் போட்டு எடுத்து, ஈரமே இல்லாமல் உலர்த்தி வைக்க வேண்டும், வெறுமனே அலசிக் காயப்போட்டால் பழைய வாடையும் அந்த வாடைக்குக் காரணமான கிருமியும் அடுத்த மூட்டைக்குப் போகும்.

ஜாடிதான் என் முதல் தேர்வு. வாயில் வலையோ மெல்லிய துணியோ போட்டு ரப்பர் பேண்டால் இறுக்கி, தலைகீழாகச் சாய்த்து ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டால் தண்ணீர் தானாக வடியும், காற்றும் போகும். நிமிர்த்தி வைத்தால் அடியில் தண்ணீர் தேங்கிவிடும், அதுதான் ஜாடியில் கெட்டுப்போவதற்கு முதல் காரணம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தண்ணீர் விட்டுக் குலுக்கி வடிக்க வேண்டும். வெந்தயம், அல்ஃபால்ஃபா (குதிரைமசால்) போன்ற சிறு விதைகளுக்கு இதைவிட வசதி வேறில்லை. கண்ணாடி என்பதால் உள்ளே நடப்பது அப்படியே தெரியும், கொதிநீர் ஊற்றிக் கழுவினால் சுத்தமும் ஆகிவிடும். அளவில் மட்டும் பேராசைப்படக் கூடாது. உலர்ந்த பயறு ஜாடியில் கால் பங்குக்கு மேல் போகாமல் இருக்கட்டும், சிறு விதைகள் என்றால் அதைவிட மிகக் குறைவாக. நெருக்கியடித்தால் நடுவில் இருப்பது காற்றில்லாமல் வெந்த மாதிரி ஆகிவிடும்.

அடுக்குத் தட்டு பெரிய குடும்பத்துக்கு உதவும், ஒவ்வொரு தட்டிலும் ஒவ்வொரு விதை போடலாம். குறை என்னவென்றால், மேல் தட்டில் ஊற்றிய தண்ணீர்தான் கீழ்த் தட்டுக்கு இறங்குகிறது, மேலே ஒரு விதை அழுகினால் அந்த அழுக்கும் கீழே வரும். ஓட்டைகளை வேர் அடைத்துக்கொள்ளும், பிரஷ் போட்டுத் தேய்த்தால்தான் போகும். ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றித் தெளிக்கும் மெஷின்களுக்கும் இதே சிக்கல்தான், கூடுதலாக அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக வேறு இருக்கும். அலசி வடிக்க ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க முடிகிறவர்களுக்கு மெஷின் அவசியமில்லை.

சரி, எந்தப் பயறு? புதிதாக ஆரம்பிப்பவர்கள் பாசிப்பயறில் தொடங்குங்கள். ஊறவைத்து வடித்தபின் ஒரு நாளிலேயே வெள்ளை முளை எட்டிப் பார்த்துவிடும். கொண்டைக்கடலைக்கு இரண்டு மூன்று நாள் பொறுமை வேண்டும். வெந்தயம் கசக்கும், வழவழப்பும் உண்டு, கூடுதலாக அலச வேண்டும். அல்ஃபால்ஃபாவுக்கு ஐந்தாறு நாள் ஆகும், அதில் கனவனைன் என்ற பொருள் இருப்பதால் லூபஸ் (எதிர்ப்பு சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்) உள்ளவர்கள் அதைத் தொடாமல் இருப்பது நல்லது. சிவப்பு ராஜ்மாவை இந்தப் பட்டியலிலேயே சேர்க்காதீர்கள். அதிலுள்ள லெக்டின் நச்சு முளைகட்டுவதால் போய்விடாது, பச்சையாகச் சாப்பிட்டால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அது அழியும். விதைப்பதற்கென்று விற்கும் விதைகளும் வேண்டாம், பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள்.

சத்துக் கணக்கிலும் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. முளைகட்டினால் புரதம் பல மடங்கு கூடும் என்கிறார்கள். 100 கிராம் உலர்ந்த பாசிப்பயறில் சுமார் 24 கிராம் புரதம், நீள முளை விட்ட அதே பயறில் 100 கிராமுக்கு சுமார் 3 கிராம்தான். எடையில் 90 சதவீதம் தண்ணீர், அதனால் இப்படி. வீட்டில் குறுகிய முளையோடு எடுப்பது இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. வைட்டமின் சி கூடுகிறது, இரும்பையும் துத்தநாகத்தையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் பிடித்து வைக்கும் ஃபைடிக் அமிலம் குறைகிறது, வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளை முளை தன் வளர்ச்சிக்கே செலவழித்துவிடுகிறது. பயறு சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்பவர்களில் பலருக்கு இது ஒத்துப்போவது அதனால்தான்.

இப்போது பச்சையா, வேகவைத்தா? பச்சைக்கட்சியின் வாதம் எளிது: மொறுமொறுப்பு, வைட்டமின் சி வீணாகாது. இரண்டும் நிஜம்தான். ஆனால் முளை வருவதற்குத் தேவையான ஈரமும் மிதமான வெப்பமும் பாக்டீரியாவுக்கும் தேவையானவையே. விதைத் தோலின் நுண்ணிய வெடிப்பில் நாலைந்து சால்மோனெல்லாவோ ஈ.கோலையோ ஒட்டியிருந்தால் போதும், இரண்டு மூன்று நாளில் அவை கோடிக்கணக்கில் பெருகிவிடும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளைகளோடு தொடர்புடைய ஈ.கோலை தொற்றில் ஏறத்தாழ 4,000 பேர் நோயுற்றார்கள், 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். "நான் வீட்டில் சுத்தமாகத்தானே செய்கிறேன்" என்று சொல்வதில் பயனில்லை, கிருமி விதையோடு வருகிறது. உப்புத் தண்ணீரும் வினிகரும் வெடிப்புக்குள் இருப்பதை முழுதாக எட்டுவதில்லை.

அதனால் நான் வேகவைக்கும் பக்கம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் பச்சை முளையைச் சாப்பிடவே கூடாது, இது பல நாடுகளின் உணவுப் பாதுகாப்புத் துறைகள் சொல்வதும்கூட. மற்றவர்களுக்கும் என் யோசனை, ஆவியில் வைத்து உள்வரை கொதிசூடு ஏறவிட்டு எடுங்கள். வைட்டமின் சி கொஞ்சம் போகும், ஒரு எலுமிச்சை பிழிந்தால் அதை ஈடுகட்டலாம். புரதம், நார்ச்சத்து, தாதுக்கள் எங்கும் போகாது. நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவதைவிட ஆவி மேல். சீக்கிரமே எடுத்துவிட்டால் பாசிப்பயறில் கடிக்கிற பதமும் மிஞ்சும், கொண்டைக்கடலைக்குத்தான் நேரம் கூடுதலாக வேண்டும்.

மீந்ததை ஈரம் போக உலர்த்தி, மூடி போட்டு 5 டிகிரிக்குக் கீழே ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வேரில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் உடனே பூஞ்சை என்று பயப்பட வேண்டாம், சில விதைகளுக்கு வேர்த்தூவிகள் அப்படித்தான் இருக்கும், தண்ணீரில் அலசினால் படிந்து மறைந்துவிடும். அலசியும் நூலாம்படை போலத் தொங்கினாலோ, வழுவழுப்போடு கெட்ட வாடை வந்தாலோ அந்த ஜாடியை முழுசாகக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊறவையுங்கள்.