பழைய காப்பி லேத்: வாங்கியதும் மாற்றியதும்

காட்பாடி பக்கம் சின்ன மரப்பட்டறை வைத்திருக்கிறேன். கட்டில் கால், ஊஞ்சல் கம்பம், மாடிப்படிக் கைப்பிடிக்கு வரும் கடைசல் கட்டைகள் என்று ஒரே மாதிரி நிறைய கேட்கும் வேலைதான் அதிகம். கைதேர்ந்த கடைசல்காரர் உளியிலேயே அச்சு மாறாமல் இறக்குவார். ஆனால் அப்படிப்பட்டவர்கள் இப்போது இந்தப் பக்கம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் மாடிப்படி முழுக்கக் கட்டை கடைய அவர்களுக்கு நேரமில்லை. அதனால்தான் பழைய காப்பி லேத் ஒன்றைத் தேடி வாங்கினேன். பல வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: கட்டை சுழலும்போது பக்கத்தில் ஒரு டெம்ப்ளேட், அதாவது வேண்டிய வடிவத்தை விளிம்பில் வெட்டிய தகடு, நிற்கும். ஃபாலோயர் என்கிற முனை அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே போகும், அதோடு சேர்த்துக் கட்டியிருக்கும் வெட்டுமுனை அதே வடிவத்தைக் கட்டையில் இறக்கும். யோசனை ரொம்பப் பழையது. துப்பாக்கிக் கட்டை செதுக்க அமெரிக்காவில் தாமஸ் பிளான்சார்ட் 1819இல் காப்புரிமை வாங்கிய இயந்திரமும், மாதிரியைத் தடவி நகல் எடுப்பதைத்தான் செய்தது.

என்னுடையது வார்ப்பிரும்பு பெட் (எல்லாம் உட்காரும் நீண்ட அடித்தளம்) வைத்த உள்நாட்டு லேத். குடியாத்தம் பக்கம் மூடிப்போன பட்டறை ஒன்றில் கிடந்தது. பெயிண்ட் உரிந்து, மோட்டார் இல்லாமல், வெட்டுமுனையைச் சுமந்து பெட் மேல் ஓடும் கேரேஜ் துருப்பிடித்து நின்றது. நான் சுத்தியலால் பெட்டை அங்கங்கே தட்டிப் பார்த்ததும் அங்கிருந்த பெரியவர், "இன்னா தம்பி, தேங்கா வாங்கறியா?" என்றார். விரிசல் இல்லாத வார்ப்பு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது சொத்தென்று கேட்கும். விரிசல் இல்லை என்று தெரிந்த பிறகு, நேரான இரும்புச் சட்டத்தைப் பெட்டின் மேல் வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தேன். கேரேஜ் அதிகம் ஓடுகிற நடுப்பகுதியில்தான் தேய்மானம் இருக்கும்; பெரிதாக இல்லை. கடைசியாக, கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைத் தள்ளிக் கொண்டுபோய், கட்டையைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக்கின் முனையோடு முட்ட வைத்தேன். இரண்டும் ஊசிமுனைக்கு ஊசிமுனை சேர்ந்தன. இந்த மூன்றும் சரியென்றால் மீதி எல்லாம் மாற்றக்கூடியது. பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து, டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் கை வைத்தது ஹெட்ஸ்டாக்கில். உள்ளே சுழலும் தண்டைத் (ஸ்பிண்டில்) தாங்க, பேரிங்குக்குப் பதில் கன்மெட்டல் புஷ் என்கிற வெண்கல வகைக் குழல். எண்ணெய் விட்டால் ஓடும், ஆனால் ஸ்பிண்டிலைக் கையால் ஆட்டினால் ஆட்டம் தெரிந்தது. ராணிப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவரிடம் கொடுத்து, பேரிங் உட்காரும் ஹவுசிங்கைக் கடைந்து 30206 டேப்பர் ரோலர் பேரிங் இரண்டு போட்டேன். 30 மில்லி உள்விட்டம், 62 மில்லி வெளிவிட்டம். எந்த பேரிங் கடையிலும் கிடைக்கிற சாதாரண சைஸ். டேப்பர் ரோலரில் நட்டை இறுக்கி ஆட்டத்தைச் சரிசெய்யலாம் என்பதுதான் இங்கே வசதி. அதிகம் இறுக்கினால் சூடாகும். கால் மணி ஓட்டிவிட்டுக் கை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்புறம் மோட்டார். 1 எச்.பி. த்ரீ ஃபேஸ், 1440 ஆர்.பி.எம். வைத்து, சிங்கிள் ஃபேஸ் லைனிலிருந்து வி.எஃப்.டி. (மின்சார அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மூலம் ஓட்டுகிறேன். சிங்கிள் ஃபேஸ் வி.எஃப்.டி. வெளியே கொடுப்பது 230 வோல்ட் த்ரீ ஃபேஸ்தான். எனவே மோட்டார் பெயர்ப்பலகையில் 230க்கு டெல்டா, 415க்கு ஸ்டார் (மோட்டார் சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகள்) என்று இருக்க வேண்டும். டெர்மினல் பாக்ஸில் இணைப்பை டெல்டாவுக்கு மாற்ற வேண்டும். இதை எலக்ட்ரீஷியன் செய்யட்டும். இதனால் வந்த லாபம் பெரியது. 3 அங்குலச் சதுரக் கட்டையைப் பிடிக்கும்போது மூலைக்கு மூலை 4 அங்குலத்துக்கு மேல் சுற்றுகிறது. அதை மெதுவாகத் தொடங்கி, உருண்டையான பிறகு வேகத்தைக் கூட்டலாம். ஆனால் புல்லி படிகளைக் கழற்றிவிடாதீர்கள். 25 ஹெர்ட்ஸில் மோட்டார் பாதி வேகத்தில் ஓடும்போது அதன் விசிறியும் பாதி வேகம்தான். வேலூர் மே மாத வெயிலில் நாள் முழுக்க அப்படி ஓட்டினால் மோட்டார் கொதிக்கும். அடிக்கடி வேண்டிய குறைந்த வேகத்துக்குச் மோட்டார் பக்கச் சின்ன புல்லிக்கு பெல்ட்டை மாற்றுவதே நல்லது. வி.எஃப்.டி.யை லேத்தை விட்டுத் தள்ளி, மூடிய பெட்டிக்குள் சுவரில் மாட்டியிருக்கிறேன். மரத்தூள் அதற்கு எமன்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். காப்பி லேத்தின் தரம் மோட்டாரிலும் இல்லை, பேரிங்கிலும் இல்லை. ஃபாலோயர் முனையும் வெட்டுமுனையும் ஒரே வடிவத்தில் இருக்கிறதா, வெட்டுமுனை சென்டர் உயரத்தில், அதாவது கட்டை சுழலும் நடு அச்சின் உயரத்தில், நிற்கிறதா, இந்த இரண்டில்தான் இருக்கிறது.

வந்தபோது என் லேத்தில் ஃபாலோயர் பென்சில் தடிமனுக்கு ஒரு உருண்டைக் குச்சி. வெட்டுமுனையோ கூர்மையான ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல். டெம்ப்ளேட் எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் குமிழ்கள் அகலமாகவும் குழிவுகள் குறுகலாகவும் வந்தன. காரணம் எளிது. தடித்த குச்சி குமிழைச் சுற்றும்போது பெரிய வட்டம் போடுகிறது, கூர்முனை அந்தப் பெரிய வட்டத்தை அப்படியே வெட்டுகிறது. குழிவில் இதற்கு நேர்மாறு. இப்போது வெட்டுவதற்கு அலுமினியத்துக்கென்று விற்கும் டி.சி.ஜி.டி. வகை கார்பைடு இன்சர்ட் (கழற்றி மாற்றக்கூடிய சின்ன வெட்டுத் துண்டு) போட்டிருக்கிறேன். 55 டிகிரி வைர வடிவம், கோட்டிங் இல்லாமல் பளபளவென்று தீட்டியது, மரத்துக்கும் அழகாக வெட்டும். முனையின் ஆரம் 0.8 மில்லி. அதே 55 டிகிரி, அதே 0.8 ஆரத்தில் கெட்டி ஸ்டீலில் ஃபாலோயர் தேய்த்து பாலிஷ் போட்டேன். அன்றிலிருந்து டெம்ப்ளேட்டில் இருப்பதுதான் கட்டையில் வருகிறது. கூர்மையான ஃபாலோயர் ப்ளைவுட் விளிம்பைச் சுரண்டிவிடும் என்பதால், டெம்ப்ளேட்டை 3 மில்லி அலுமினியத் தகட்டில் வெட்டிக்கொள்கிறேன்.

உயரத்துக்கு ஒரு கணக்கு. முனை சென்டருக்கு 3 மில்லி கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 மில்லி ஆரம் வர வேண்டிய இடத்தில் 30.15 வரும், கண்ணுக்கே தெரியாது. 5 மில்லி ஆரம் வர வேண்டிய இடத்தில் 5.83 வரும். விட்டத்தில் ஒன்றரை மில்லிக்கு மேல், நம் அளவில் அரை நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று). அதாவது தடித்த இடமெல்லாம் சரியாக இருக்கும், துளையில் இறங்க வேண்டிய மெல்லிய முனை மட்டும் இறங்காது. ஆட்கள் டெம்ப்ளேட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பார்கள். டூலுக்கு அடியில் ஒரு தகடு வைத்தால் தீர்ந்துவிடும்.

சில விஷயங்களை இந்த லேத்திடம் எதிர்பார்க்கக் கூடாது. 55 டிகிரி முனை நேராக நிற்கும்போது செங்குத்தான தோள் வெட்டாது. அந்த இடத்தை நான் கடைசியில் உளியால்தான் முடிக்கிறேன். ஒரே இழுப்பில் இடமிருந்து வலம் போனால், மேட்டில் ஏறும் பக்கம் நார் பிய்ந்து வரும். தடித்த இடத்திலிருந்து மெல்லிய இடத்துக்கு இறங்கும்படி இரண்டு பக்கமும் தனித்தனியாக வெட்ட வேண்டும். கடைசி வெட்டு அரை மில்லி போதும், அதற்குப் பிறகு உப்புத்தாளுக்குப் பெரிய வேலை இருக்காது. நீளமான ஒல்லிக் கட்டை நடுவில் துள்ளும். கட்டையை நடுவில் தாங்கும் ரோலர் வைத்த ஸ்டெடி போட்ட பிறகுதான் எனக்கு ஊஞ்சல் கம்பங்கள் வரிவரியாகத் தடம் விழாமல் வந்தன.

மரம் பற்றி ஒரு வார்த்தை. தேக்கும் வேங்கையும் சொன்னபடி கேட்கும். வேம்பு நன்றாகக் கடையலாம், ஆனால் ஈரத்தோடு கடைந்தால் காய்ந்த பிறகு முட்டை வடிவமாகிவிடும். ஆண்டு வளையத்தின் வாட்டத்தில் சுருங்குவது குறுக்கே சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. லேத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வாகை கடைந்தால் தும்மல் நிற்காது. தும்மலோடு போனால் பரவாயில்லை. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வகைப்படுத்தியிருக்கிறது. தூள் உறிஞ்சி வைப்பதற்குக் கணக்குப் பார்க்க வேண்டாம், மாஸ்க்கும் போடுங்கள். நம் பக்கம் லுங்கியும் தோளில் துண்டுமாக லேத்தில் நிற்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். கையுறையும் வேண்டாம், சுழலும் கட்டை துணியோடு கையையும் இழுத்துக்கொள்ளும்.

வீட்டுக்கு இரண்டு ஸ்டூல் செய்கிறவருக்கு இது தேவையில்லை. டெம்ப்ளேட் வெட்டும் நேரத்தில் நாலு காலையும் உளியிலேயே கடைந்துவிடலாம். பத்துக்கு மேல் ஒரே வடிவம் அடிக்கடி வேண்டியவருக்கு இது சோறு போடும். வாங்கப் போகும்போது கட்டையைப் பிடிக்கும் இரண்டு சென்டர் முனைகளுக்கும் இடையே எவ்வளவு நீளம் என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். கட்டில் காலுக்கு 3 அடி தாராளம். ஊஞ்சல் கம்பம் செய்பவர் 4 அடிக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம், பின்னால் பெட்டை மட்டும் நீட்ட முடியாது.