491 விசாவுக்கு ஏஜென்சி பிடித்த அனுபவம்

ஆஸ்திரேலிய மாநில அரசின் நாமினேஷனோடு (பரிந்துரை) 491 விசா, அதாவது ரீஜனல் பகுதிகளில் தங்கி வேலை செய்வதற்கான தற்காலிக விசா, வாங்க சென்னையில் ஒரு ஏஜென்சிக்குப் போனேன், பெயர் வேண்டாம். முதல் சந்திப்பு நன்றாகவே இருந்தது. நாமினேஷன் கிடைத்தால் தகுதிப் புள்ளிகளில் 491-க்கு 15 கூடும், நிரந்தர விசாவான 190-க்கு 5தான் என்பதையும், சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் மூன்றும்தான் ரீஜனலில் சேராது, அடிலெய்டு, பெர்த், ஹோபார்ட் எல்லாமே அந்தக் கணக்குதான் என்பதையும் பொறுமையாகச் சொன்னார்கள்.

சிக்கல் அப்புறம்தான். எனக்கு 9 வருட ஐடி அனுபவம், ஆனால் ஏசிஎஸ் (ஐடி தகுதியை எடைபோடும் ஆஸ்திரேலிய அமைப்பு) மதிப்பீட்டில் முதல் 2 வருடத்தைக் கழித்துவிட்டுத்தான் கடிதம் வந்தது. மீதி 7 வருடத்துக்கு 10 புள்ளிதான். இவர்களோ ஸ்கில்செலக்டில் (ஆஸ்திரேலிய அரசின் விசா பதிவுத் தளம்) 9 வருடத்தையும் காட்டி 15 போட்டுவிட்டார்கள்! லாகின் கேட்டு வாங்கி ஒவ்வொரு வரியாகப் பார்த்ததால்தான் எனக்கே தெரிந்தது. விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அழைப்பு வந்துவிட்டால் திருத்த முடியாது, காட்டிய புள்ளியை நிரூபிக்க முடியாமல் போனால் விசா மறுக்கப்பட வாய்ப்பு அதிகம், கட்டிய பெரிய தொகையும் போச்சு. நல்லவேளை, அழைப்புக்கு முன்பே மாற்ற வைத்தேன். கேட்டதற்கு "எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுவோம்" என்றார்கள். அந்தப் பதில்தான் இன்னும் ஆறவில்லை.

ஸ்கில்செலக்டில் செய்யும் ஈஓஐ (விருப்பம் தெரிவித்தல்) பதிவு இலவசம், அதற்கென்று தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உங்கள் ஃபைலைப் பார்ப்பவருக்கு விசா ஏஜென்டுக்கான ஆஸ்திரேலியப் பதிவெண் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். லாகினும் உங்கள் கையில் இருக்கட்டும்.

5-க்கு 2. அதுவும் அலுவலகக் கடிதங்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்துக் கொடுத்த அந்த ஆவணப் பிரிவுப் பெண்ணுக்காக.